டென்சரில் ஆராய்ச்சி என்றால் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

போன் விளம்பரத்தில் டென்சர் என்று ஒரு சிப் வருகிறது. செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிற எல்லாரும் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை டென்சர் என்கிறார்கள். இயற்பியல் படித்தவரைக் கேட்டால் ஐன்ஸ்டைனைக் கொண்டுவந்து நிறுத்துவார். கம்ப்யூட்டர் படித்தவரைக் கேட்டால், "மேட்ரிக்ஸ் தெரியுமில்ல, அதை மூணு பக்கமும் நீட்டினா டென்சர்" என்று முடித்துவிடுவார். யார் சொல்வதும் முழுப் பொய் இல்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டுவிட்டு, டென்சரிலும் இயற்கணித வடிவியலிலும் ஒருவர் முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தார் என்றால் அவர் காலையில் உட்கார்ந்து எதைத்தான் யோசித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

காரைக்குடிப் பக்கம் கணக்கு என்றால் பயப்படுகிறவர்கள் குறைவு. பேரேடும் ஐந்தொகையும் வட்டிச் சிட்டையும் புழங்கிய வீடுகள் இவை. அதனாலேயே இங்கே வேறு ஒரு கேள்வி வரும்: "கணக்குல கண்டுபிடிக்க இன்னும் என்ன பாக்கி இருக்கு?" கிண்டலாகக் கேட்டாலும் சரியான கேள்விதான். பாக்கி நிறையவே இருக்கிறது. அதில் ஒன்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம். அதற்கு முதலில் ஒரு கடைக் கணக்கு வேண்டும்.

பலகாரக் கடைக் கணக்கு

செட்டிநாட்டுப் பலகாரம் போட்டு விற்கிற ஒருவருக்கு காரைக்குடி, தேவகோட்டை, மதுரை என்று மூன்று கடை. தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று மூன்று சரக்கு. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மூன்று மாதக் கணக்கு. எந்தக் கடையில், எந்தச் சரக்கு, எந்த மாதம், எத்தனை கிலோ போனது என்று எழுதினால் 27 எண்கள். ஒரு தாளில் எழுதினால் அட்டவணை; மாதத்துக்கு ஒரு தாளாக மூன்றை அடுக்கினால் ஒரு பெட்டி மாதிரி. இப்படி மூன்று (அல்லது அதற்கு மேற்பட்ட) திசைகளில் எண்களை அடுக்கி எழுதக்கூடிய பொருளை இப்போதைக்கு டென்சர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு திசை மட்டும் இருந்தால் அது பள்ளியில் படித்த அணி.

இந்த 27 எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையா? வியாபாரம் தெரிந்தவர்கள் இல்லை என்பார்கள். காரைக்குடிக் கடை எப்போதும் தேவகோட்டையைப்போல இரண்டு மடங்கு விற்கும், மதுரை மூன்று மடங்கு. சரக்கு எந்தக் கடையிலும் தேன்குழல் 30, சீடை 20, அதிரசம் 10 என்கிற விகிதத்தில் போகும். ஐப்பசியில் எல்லாம் மூன்று மடங்காகும். அப்படியானால் மதுரையில் ஐப்பசியில் போன தேன்குழல் 3 × 30 × 3 = 270 கிலோ. எந்தக் கட்டத்தையும் இப்படி மூன்று எண்களைப் பெருக்கியே நிரப்பிவிடலாம். கடைக்கு 3, சரக்குக்கு 3, மாதத்துக்கு 3 என்று ஒன்பது எண்கள் போதும். கடை 40, சரக்கு 30, மாதம் 12 என்று வளர்த்துப் பாருங்கள்: பெட்டியில் 14,400 எண்கள், ஆனால் நினைவில் வைக்க வேண்டியவை 82 தான்.

இப்படி ஒரே பெருக்கலில் அடங்குகிற டென்சரைத் தரம் 1 உள்ளது என்கிறார்கள்.

தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டிலேயே பலகாரம் போடுகிறவர். அவரிடம் இதைச் சொன்னதும் மடக்கிவிட்டார்.

"அதெப்படி தம்பி? தீவாளிக்கு அதிரசம் மட்டும் தனியாப் பறக்குமே. அது உங்க கணக்குல எங்க வருது?"

"வராது ஆச்சி. அதுக்குத்தான் ரெண்டாவதா ஒரு துண்டு சேர்க்கணும்."

விகிதப்படி ஐப்பசியில் காரைக்குடிக்கு 60 கிலோ அதிரசம் போயிருக்க வேண்டும். போனது 160. தேவகோட்டையில் 30-க்குப் பதில் 130. மதுரையில் 90-க்குப் பதில் 140. மிச்சம் 100, 100, 50. இந்த மிச்சமே இன்னொரு தரம் 1 டென்சர்: கடைக்கு 2, 2, 1, சரக்கில் அதிரசத்துக்கு மட்டும் 50, மற்றதற்குப் பூஜ்யம், மாதத்தில் ஐப்பசிக்கு மட்டும் 1. இரண்டு துண்டுகளையும் கூட்டினால் உண்மையான பேரேடு வந்துவிடும். ஒரு டென்சரை இப்படி எழுத ஆகக் குறைவாக எத்தனை துண்டு வேண்டுமோ அந்த எண்ணே அதன் தரம். இந்தப் பேரேட்டின் தரம் 2.

இந்த முறையை 1927-லேயே ஹிட்ச்காக் என்பவர் எழுதிவைத்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பெட்டி வேறு, டென்சர் வேறு

இங்கேதான் "மூணு பக்கமும் நீட்டின மேட்ரிக்ஸ்" என்கிற விளக்கம் தடுமாறுகிறது. அதே விற்பனையைக் கிலோவுக்குப் பதில் படிக்கணக்கில் எழுதலாம். தமிழ் மாதத்துக்குப் பதில் ஆங்கில மாதத்தில் எழுதலாம். ஐப்பசியில் கொஞ்சம் அக்டோபருக்குப் போகும், மீதி நவம்பருக்குப் போகும். பெட்டியில் உள்ள எண்கள் அத்தனையும் மாறிவிடும். ஆனால் வியாபாரம் மாறவில்லை. திரும்பப் பழைய கணக்குக்கே கொண்டுவர முடிகிற மாதிரி மாற்றியிருந்தால் தரமும் மாறாது: இரண்டு துண்டு வேண்டியிருந்தது இப்போதும் இரண்டு துண்டுதான் கேட்கும்.

எப்படி அளந்து எழுதினாலும் மாறாமல் நிற்கிற அந்த உள்பொருளைத்தான் கணிதத்தில் டென்சர் என்கிறார்கள். பெட்டி அதன் ஒரு பதிவு. ஐன்ஸ்டைனுக்கு 1915-ல் இது ஏன் தேவைப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். யார் எந்த அளவுகோலை வைத்து அளந்தாலும் ஈர்ப்பு விதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. இயற்பியல்காரர்கள் கையாள்வது விண்வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு டென்சர். அது தனிக்கதை, இங்கே விட்டுவிடலாம்.

மூன்று திசை இருப்பதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. அணியைத் துண்டுகளாகப் பிரித்தால் அந்தத் துண்டுகள் நிலையானவை இல்லை. வேறு விதமாகவும் பிரித்துக்கொள்ளலாம். மூன்று திசை வந்துவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். இதை 1977-ல் குரூஸ்கல் நிரூபித்தார். வேதியியல்காரர்கள் இதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். பல பொருள்கள் கலந்த திரவங்களின் மேல் வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சி, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று அளந்தால், மாதிரி, பாய்ச்சிய நிறம், வந்த நிறம் என்று மூன்று திசையில் ஒரு டென்சர் கிடைக்கும். அதைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் கலவையில் உள்ள ஒவ்வொரு பொருள். கலவையை ரசாயன முறையில் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தரம் 1 என்பது ஒரே பெருக்கலில் அடங்குவது; தரம் என்பது ஆகக் குறைந்த துண்டுகளின் எண்ணிக்கை; அது அளவுகோலை மாற்றினாலும் மாறாது.

பெருக்கலுக்குள்ளும் ஒரு டென்சர்

இரண்டுக்கு இரண்டு அணிகள் இரண்டைப் பெருக்குவது பதினோராம் வகுப்புப் பாடம். முதல் அணியில் மேல் வரிசை அ, ஆ. கீழ் வரிசை இ, ஈ. இரண்டாவது அணியில் மேல் வரிசை க, ச. கீழ் வரிசை ட, த. விடையில் மேல் வலதுபக்க எண் அ×ச + ஆ×த. இப்படி நாலு எண்ணுக்கும் இரண்டிரண்டு பெருக்கல், மொத்தம் எட்டு.

எட்டைக் குறைக்க முடியுமா? முடியாது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஃபோல்கர் ஸ்ட்ராசன் என்ற ஜெர்மானியர் குறைக்க முடியாது என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தார். ஏழே பெருக்கலில் போடும் வழி கைக்கு வந்துவிட்டது. 1969-ல் அதை வெளியிட்டார். அந்த ஏழில் இரண்டைப் பாருங்கள்: ஒன்று அ×(ச − த), இன்னொன்று (அ + ஆ)×த. இரண்டையும் கூட்டினால் அ×த அடிபட்டுப்போய், நமக்கு வேண்டிய அ×ச + ஆ×த மிஞ்சுகிறது. இங்கே லாபம் ஒன்றும் இல்லை, இரண்டுக்கு இரண்டுதான். சூட்சுமம் என்னவென்றால், இதே இரண்டு பெருக்கலையும் விடையின் வேறு இடங்களிலும் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம். அப்படிப் பங்கிட்டுக்கொண்டதில் ஒரு பெருக்கல் மிச்சமாகிறது.

எட்டு ஏழானதால் என்ன வந்துவிடும்? பெரிய அணியை நாலு கூறாக்கி, கூறுகளையும் நாலாக்கி, இப்படியே போனால் ஒவ்வொரு படியிலும் இந்த மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். 1,024-க்கு 1,024 அணியில் பத்துப் படி. எட்டைப் பத்து முறை பெருக்கினால் சுமார் 107 கோடி. ஏழைப் பத்து முறை பெருக்கினால் சுமார் 28 கோடி. போனில் குரலை எழுத்தாக்குவதும் படத்தில் முகம் தேடுவதும் உள்ளுக்குள் அணிப் பெருக்கல்தான் என்பதால், இது வெறும் விளையாட்டு இல்லை.

சரி, இதில் டென்சர் எங்கே? முதல் அணியின் நாலு இடம், இரண்டாவதன் நாலு இடம், விடையின் நாலு இடம். இன்னின்ன இரண்டின் பெருக்கல் விடையின் இந்த இடத்துக்குப் போகிறதா என்று கேட்டு, போனால் 1, போகாவிட்டால் 0 என்று எழுதுங்கள். 64 கட்டம் உள்ள ஒரு பேரேடு வரும்; அதில் எட்டுக் கட்டத்தில் 1. இந்தப் பேரேட்டைத் தரம் 1 துண்டுகளாகப் பிரித்தால், ஒரு துண்டு என்பது ஒரு பெருக்கல். ஆக, "எத்தனை பெருக்கல் போதும்" என்பதும் "இந்த டென்சரின் தரம் என்ன" என்பதும் ஒரே கேள்வி. பலகாரக் கணக்கில் கேட்டதையே இங்கேயும் கேட்கிறோம்.

ஏழுக்குக் கீழே போகாது என்பதை 1971-ல் நிரூபித்துவிட்டார்கள். மூன்றுக்கு மூன்று அணிக்கு? பள்ளி முறையில் 27. லேடர்மன் 1976-ல் 23-ல் முடித்துக் காட்டினார். 19-க்குக் கீழே முடியாது என்று பிளேசர் 2003-ல் நிரூபித்தார். 19-க்கும் 23-க்கும் நடுவில் உண்மையான எண் எது என்று இன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு தாளில் பாதியில் எழுதிவிடக்கூடிய கணக்கு இது. பாக்கி என்ன என்று கேட்டவர்களுக்கு முதல் பதில் இதுதான்.

2022-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாடென்சர் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் நாலுக்கு நாலு அணியை 47 பெருக்கலில் போட்டது என்று செய்தி வந்தபோது, கணிதத்தையே இயந்திரம் முடித்துவிட்ட மாதிரி பலர் பேசினார்கள். அந்த 47 செல்லுபடியாவது 1 + 1 = 0 என்று வைத்துக்கொள்ளும் ஈரெண் கணக்கில் மட்டும். சாதாரண எண்களில் ஸ்ட்ராசன் முறையை இரண்டு முறை பயன்படுத்தி 49 என்பதே நெடுங்காலம் நின்றது. 2025-ல் இன்னொரு நிரல் சிக்கலெண்களை வைத்து 48-க்கு இறக்கியது. நல்ல சாதனைகள்தான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேடிப் பார்த்து "இத்தனையில் முடியும்" என்று காட்டுவது ஒரு வேலை, "இதற்குக் கீழே எவனாலும் முடியாது" என்று நிரூபிப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத் தேடினால் போதாது. அதற்குத்தான் வடிவியல் உள்ளே வருகிறது.

கிட்டக் கிட்டப் போகலாம், தொட முடியாது

வடிவியலுக்குப் போகும் முன் ஒரு விசித்திரத்தைப் பார்த்துவிட வேண்டும். என் கணக்கில் இந்தத் துறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

சின்ன விளையாட்டு ஒன்று. க, ச என்று இரண்டு எண்கள். க×க×ச என்பதை உண்டாக்க வேண்டும். விதி: கனங்களை, அதாவது ஒன்றை மூன்று முறை பெருக்கியதை மட்டுமே பயன்படுத்தலாம், கனத்துக்குள் க-வையும் ச-வையும் எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம், வெளியே எந்த எண்ணாலும் பெருக்கிக் கூட்டலாம், கழிக்கலாம். எத்தனை கனம் வேண்டும்?

மூன்று போதும். (க + ச)-வின் கனத்திலிருந்து (க − ச)-வின் கனத்தைக் கழித்து, ச-வின் கனத்தை இரண்டு மடங்காக்கி அதையும் கழித்தால் 6×க×க×ச வரும். க = 2, ச = 3 என்று போட்டுப் பாருங்கள்: 125 + 1 − 54 = 72; ஆறால் வகுத்தால் 12. சரியாக 2×2×3. இரண்டே கனத்தில் எல்லா க, ச-வுக்கும் சரியாக வருகிற மாதிரி எழுத முடியாது. இதுவும் மாறுவேடம் போட்ட ஒரு டென்சர்தான். அதன் தரம் 3.

இப்போது இதைப் பாருங்கள். (க + 0.01×ச)-வின் கனத்திலிருந்து க-வின் கனத்தைக் கழித்து 0.03-ஆல் வகுங்கள். கனம் இரண்டே இரண்டு. க = 2, ச = 3 என்றால் 2.03-ன் கனம் 8.365427, எட்டைக் கழித்து வகுத்தால் 12.1809. 0.01-க்குப் பதில் 0.001 வைத்து 0.003-ஆல் வகுத்தால் 12.018009. இன்னும் சின்னதாக வைத்தால் இன்னும் 12-க்குப் பக்கம். எவ்வளவு பக்கம் வேண்டுமோ அவ்வளவு பக்கம் போகலாம். ஆனால் 12-ஐத் தொடுவதற்கு 0.01 இருந்த இடத்தில் பூஜ்யம் வர வேண்டும். வந்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியதாகிவிடும்.

தரம் 3 உள்ள ஒரு பொருளை, தரம் 2 உள்ள பொருள்கள் விடாமல் நெருங்குகின்றன. இப்படி எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிவிடப் போதுமான ஆகக் குறைந்த துண்டுகளின் எண்ணிக்கைக்கு எல்லைத் தரம் என்று பெயர். இதன் தரம் 3, எல்லைத் தரம் 2. அணிகளில் இந்த விசித்திரம் நடக்காது. அங்கே இரண்டும் எப்போதும் ஒன்றுதான். மூன்றாவது திசை வந்த பிறகுதான் இந்தக் கூத்து.

1979-ல் இத்தாலியில் பீனியும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் இடம் பூஜ்யமாக உள்ள இரண்டுக்கு இரண்டு அணியைப் பெருக்கும் கணக்கை, ஆறு பெருக்கலில் முடிவதை, ஐந்தில் முடிக்கக் கம்ப்யூட்டரில் தேடினார்கள். பிழை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் துண்டுகளில் உள்ள எண்களோ பெருத்துக்கொண்டே போயின. முதலில் நிரலில்தான் கோளாறு என்று தோன்றியது. மேலே நாம் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 0.03-ஆல் வகுப்பது 33-ஆல் பெருக்குவது மாதிரி, 0.003-ஆல் வகுப்பது 333-ஆல் பெருக்குவது மாதிரி. அவர்கள் கண்டது அதேதான். எல்லைத் தரம் என்ற கருத்து அங்கிருந்து வந்தது. வேகமாக அணிகளைப் பெருக்குவது பற்றிய பிற்கால ஆராய்ச்சி பெரும்பாலும் இந்தக் கருத்தின் தோளில் ஏறித்தான் போயிருக்கிறது.

வடிவியல் வருகிற இடம்

இயற்கணித வடிவியல் என்றால் சமன்பாடுகளால் வரையறுக்கப்படும் வடிவங்களைப் படிப்பது. வர்க்கங்களின் கூடுதல் 25 என்றால் வட்டம் வருகிறதே, அதேதான். இரண்டு எண்ணுக்குப் பதில் 27 எண்ணோ 64 எண்ணோ இருந்தால் வடிவத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சமன்பாடுகளை வைத்துத்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

நம்முடைய பேரேட்டில் ஆவணிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் தேன்குழல் 60, சீடை 40. தேவகோட்டையில் 30, 20. குறுக்கே பெருக்கினால் 60×20-ம் 1,200, 40×30-ம் 1,200. தரம் 1 என்றால் இது தப்பாமல் ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லையா, தரம் 1 இல்லை. மேற்கொண்டு தேடவே வேண்டாம். தரம் 1 டென்சர்கள் எல்லாம் சேர்ந்து இப்படிப்பட்ட குறுக்குப் பெருக்கல் சமன்பாடுகளால் ஆன ஒரு வடிவம். கொராடோ செக்ரே என்ற இத்தாலியக் கணித அறிஞரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அவர் 1924-லேயே காலமாகிவிட்டார். கம்ப்யூட்டர் என்ற பேச்சே எழாத காலம்.

அந்த வடிவத்தின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்து இணைத்தால் வெட்டுக்கோடு. கோட்டின் மேல் உள்ளவை இரண்டு துண்டுகளின் கலவைகள், அதாவது தரம் 2 வரை உள்ளவை. இரண்டு புள்ளிகளையும் நெருக்கிக்கொண்டே வந்தால்? வெட்டுக்கோடு தொடுகோடாகிவிடும் என்பது வகை நுண்கணிதத்தின் முதல் பாடம். நாம் மேலே பார்த்த க×க×ச அந்தத் தொடுகோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்த வெட்டுக்கோட்டிலும் அது இல்லை, ஆனால் வெட்டுக்கோடுகள் அதை நெருங்குகின்றன. விசித்திரம் போய்விட்டது பாருங்கள். படமாக யோசித்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக இந்தத் துறையின் வேலை, வெட்டுக்கோடுகளும் அவற்றின் எல்லைகளும் நிரப்புகிற வடிவத்துக்கு என்னென்ன சமன்பாடுகள் என்று கண்டுபிடிப்பது. அப்படி ஒரு சமன்பாடு கிடைத்து, கையில் உள்ள டென்சர் அதற்கு ஒத்துப்போகவில்லை என்றால், "இத்தனை துண்டில் முடியாது, கிட்டப் போகக்கூட முடியாது" என்று ஒரே அடியாகச் சொல்லிவிடலாம்.

இரண்டுக்கு இரண்டு அணிப் பெருக்கலில் தரம் 7 என்பது 1971-லேயே முடிந்த விஷயம். ஆனால் ஆறு துண்டுகளால் அதைக் கிட்டத்தட்ட எட்டிவிடலாமா? முடியாது, எல்லைத் தரமும் ஏழுதான் என்று அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜோசப் லேண்ட்ஸ்பெர்க் 2006-ல் நிரூபித்தார். ஸ்ட்ராசனிலிருந்து 37 வருடம், பள்ளிப்பிள்ளை போடுகிற பெருக்கலைப் பற்றி ஒரு வரி எழுத. மூன்றுக்கு மூன்றில் எல்லைத் தரமும் இன்னும் பிடிபடவில்லை: 17-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

வாழ்நாள் வேலை எப்படிப் போகும்?

பெரும்பாலும் யாரும் டென்சரில் ஆரம்பிப்பதில்லை. ஸ்ட்ராசன் நிகழ்தகவில் பெயர் வாங்கியவர். லேண்ட்ஸ்பெர்க் வகையீட்டு வடிவியலில் 1990-ல் முனைவர் பட்டம் பெற்றவர். வளைவுகளையும் தொடுகோடுகளையும் பார்த்துப் பழகிய கண்ணோடு பெருக்கல் கணக்குக்கு வந்தார். இப்படி வேறு வீட்டிலிருந்து வருகிறவர்களால் வளர்ந்த துறை இது.

அன்றாட வேலை வெளியிலிருந்து பார்த்தால் சுவாரசியமாக இருக்காது. பொதுவான கேள்வியை விட்டுவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு சின்ன டென்சரை எடுத்துக்கொள்வார்கள். மக்காலே2 போன்ற இலவச நிரலில் சமன்பாடுகளைப் போட்டு ஓட்டுவார்கள். ஓடிக்கொண்டே இருக்கும், நினைவகம் தீர்ந்து நின்றுபோகும். அப்புறம் சமச்சீரைப் பயன்படுத்திக் கணக்கைச் சின்னதாக்குவார்கள். ஏதாவது ஓர் ஒழுங்கு தென்பட்டால் யூகம், யூகத்துக்கு நிரூபணம், நிரூபணத்தில் ஓட்டை, திரும்ப முதலில் இருந்து. டென்சரின் தரத்தைக் கண்டுபிடிப்பது பொதுவாகவே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1990-ல் ஹோஸ்தாத் நிரூபித்துவிட்டார். எல்லா டென்சருக்கும் பொருந்துகிற வேகமான குறுக்குவழி கிடைக்கும் என்று இங்கே யாரும் காத்திருப்பதில்லை.

பெரிய நம்பிக்கைகள் உடைவதும் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கடைகளின் பேரேடுகளைச் சேர்த்துப் பார்த்தால் துண்டுகளில் ஏதாவது மிச்சம் பிடிக்க முடியுமா? முடியாது, தனித்தனியே ஆகிற எண்ணிக்கையின் கூடுதல்தான் ஆகும் என்று ஸ்ட்ராசன் 1973-ல் யூகித்தார். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். எல்லைத் தரத்துக்கு இது பொய் என்று ஷோன்ஹாகே 1981-ல் காட்டினார். அப்போதும் தரத்துக்கு உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். 2017-ல் ஷிட்டோவ் என்ற ரஷ்யர் அதையும் உடைத்தார். நாற்பது வருடத்துக்கு மேல் பலர் நிரூபிக்க முயன்றது, நிரூபிக்கவே முடியாத ஒன்று.

மீன் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அலாஸ்காவில் இருக்கும் எலிசபெத் ஆல்மன் உயிரினங்களின் வம்சாவழியை டி.என்.ஏ.விலிருந்து கண்டுபிடிப்பதற்கான கணிதத்தில் வேலை செய்கிறவர். டி.என்.ஏ.வில் எழுத்துகள் நாலு என்பதால் அவருக்குத் தேவைப்பட்டது 4×4×4 டென்சர்களில் எல்லைத் தரம் நாலு வரை உள்ளவற்றின் சமன்பாடுகள். கண்டுபிடிப்பவருக்குத் தன் கையால் பிடித்துப் புகையில் வாட்டிய சால்மன் மீன் பரிசு என்று 2007-ல் அறிவித்தார். அதிலிருந்து அந்தக் கணக்குக்கே சால்மன் கணக்கு என்று பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் பலர் அதில் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். துணி வெளுக்க மண்ணுண்டு என்கிற மாதிரி ஒவ்வொரு துறைக்கும் அதற்கான டென்சர் இருக்கிறது. கேள்வி மட்டும் ஒன்றுதான், எத்தனை துண்டு.

நம்ம பக்கம்

இது எங்கேயோ அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடக்கிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்குக் கல்லூரிகளையும் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் கொண்டுவந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவரே 1950-ல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, தி. விஜயராகவனை அதன் முதல் இயக்குநராக்கினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. பிற்பாடு அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சம்பாத்தியத்துக்கு நேரடியாக உதவாத கணிதத்துக்குச் செட்டிநாட்டுப் பணம் போன அந்தக் கதையை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

இயற்கணித வடிவியலில் உலகம் அறிந்த பெயர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து 1965-ல் அவர் நிரூபித்த தேற்றம் இன்றும் பாடம். பின்னாளில் லக்ஷ்மீபாய், முசிலி ஆகியோருடன் அவர் வளர்த்த கோட்பாட்டில், மேலே பார்த்த குறுக்குப் பெருக்கல் சமன்பாடுகளின் பெரிய அண்ணன்மார்கள், அதாவது அணிக்கோவைகள், நடுநாயகமாக வருகின்றன. சென்னையில் சி.எம்.ஐ. (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்) என்ற நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்ததும் அவர்தான். 2020-ல் காலமானார்.

இதைப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு: சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தனி நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். பி.எஸ்சி. இங்கேயே முடித்துவிட்டு, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களுக்குப் போகிற வழியும் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் முதலில் நேரியல் இயற்கணிதத்தை, அதாவது அணிகளும் வெக்டர்களும் பற்றிய பாடத்தை, பரீட்சைக்காக இல்லாமல் ஒரு முறை முழுசாகப் படிக்க வேண்டும். டென்சர் என்று தலைப்புப் போட்ட நிரல் வகுப்புகளில் சேர்வதற்கு முன் இதைச் செய்தால் பணமும் மிச்சம். ஸ்ட்ராசனின் ஏழு பெருக்கலில் இரண்டை மேலே சொல்லியாயிற்று. மீதி ஐந்து இவை: (அ + ஈ)×(க + த), (இ + ஈ)×க, ஈ×(ட − க), (இ − அ)×(க + ச), (ஆ − ஈ)×(ட + த). விடையின் கீழ் இடதுபக்க எண் இ×க + ஈ×ட. அதை இவற்றில் எந்த இரண்டு தருகின்றன என்று ஒரு நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.